ஆர்க் கோப்பில் பைதான்: மேல் கட்டத்தின் மாறி கீழே ஏன் தெரிவதில்லை?

அட்டனிலிருந்து:
தோட்டத்து மழைக் கணக்கை ஈமேக்ஸ் எடிட்டரின் ஆர்க் கோப்பில் (குறிப்பும் ஓட்டக்கூடிய நிரல் கட்டங்களும் ஒன்றாக இருக்கும் கோப்பு) எழுதி வருகிறேன். மேல் கட்டத்தில் மழை = 42 என்று கொடுத்து ஓட்டினேன், சரி, ஆனால் அடுத்த கட்டத்தில் அதையே பிரிண்ட் செய்யச் சொன்னால் நேம்எரர், அதாவது அப்படி ஒரு பெயரே தெரியாது என்கிறது. இரண்டு இரவு போய்விட்டது, தெரிந்த அண்ணாமார் சொல்லுங்கள்.

பண்டாரவளையிலிருந்து:
தம்பி, செஷன் (கட்டங்கள் சேர்ந்து பயன்படுத்தும், மூடாமல் ஓடும் பைதான்) கொடுக்காவிட்டால் ஒவ்வொரு கட்டத்துக்கும் புதிய பைதான் தொடங்கி, வேலை முடிந்ததும் மூடிவிடும். ஈமேக்ஸ்-ஜூபிட்டர் என்ற கூடுதல் பொதியைப் போட்டு, கட்டத்தின் தலைவரியில் மொழியை ஜூபிட்டர்-பைதான் என்று மாற்றி, எல்லாக் கட்டத்துக்கும் ஒரே செஷன் பெயரைக் கொடுங்கள்.

நுவரெலியாவிலிருந்து:
அப்போது கெர்னல், அதாவது நிரலை ஓட்டும் பைதான், தனியாக ஓடுகிறது, எடிட்டர் அதனோடு ஜீரோஎம்கியூ என்ற செய்தி அனுப்பும் நூலகம் வழியாக 5 சாக்கெட்டில் (இணைப்பு முனையில்) பேசுகிறது. கரண்ட் போனால் கெர்னலோடு மாறிகளும் போய்விடும், சேமித்த விடைகள் மட்டும் கோப்பில் இருக்கும், அதனால் மேலிருந்து திரும்ப ஓட்டுங்கள்.

அட்டனிலிருந்து:
வந்துவிட்டது, 42! ரொம்ப நன்றி அண்ணா.