குழந்தை டர்ட் பைக் ஏர் ஃபில்டர்: பெட்ரோலில் கழுவலாமா, புதிதே வாங்கிவிடலாமா?

சேலத்து_அப்பா:

வணக்கம். பையனுக்கு எட்டு வயது, 50 சிசி டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறோம். ரோட்டுக்குக் கொண்டுவருவதில்லை. கஞ்சமலை அடிவாரத்தில் மாமனார் தோட்டம் இருக்கிறது, அங்கேதான் சுற்றுகிறான். எல்லாம் செம்மண், வெயில் காலத்தில் அவன் ஒரு ரவுண்டு போய் வந்தால் புருவம் வரைக்கும் சிவப்பாகிவிடும்.

சீட்டைக் கழற்றி ஏர் ஃபில்டரைப் பார்த்தேன். ஸ்பாஞ்ச் ஃபில்டர், மண் அப்பிக் கிடக்கிறது, ஓரத்தைத் தொட்டால் பொடிப்பொடியாக விரலில் ஒட்டுகிறது. தெரிந்த மெக்கானிக் "பெட்ரோலில் அலசி ஏர் அடிச்சுப் போட்டுடுங்க" என்கிறார். இன்னொருவர் சோபா கடையில் ஸ்பாஞ்ச் வாங்கி அளவாக வெட்டிப் போடலாம், இருநூறு ரூபாய்கூட ஆகாது என்கிறார். எது சரி?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஏற்காட்டில் நண்பர் எஸ்டேட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனோம், அங்கே ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகினால் இழுக்காமல் திணறியது, பிளக் கரிப் பிடித்திருந்தது. அதுவும் இந்த ஃபில்டரால்தானா?

ரெண்டாவதுகியர்:

பொடியாக உதிர்கிறது என்றால் அந்த ஃபில்டரின் கதை முடிந்தது, கழுவுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். உதிர்கிற துகளும் சேர்ந்து, காற்றையும் பெட்ரோலையும் கலந்து விடுகிற கார்புரேட்டருக்குள்தான் போகும். புதிது வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள், "ஃபில்டர் இல்லாமல் ஒரே ஒரு ரவுண்டு" என்று பையன் கெஞ்சுவான், அதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

டூ ஸ்ட்ரோக்கில் காற்று நேராக சிலிண்டருக்குப் போவதில்லை, முதலில் சிலிண்டருக்குக் கீழே இருக்கிற கிராங்க் கேஸுக்குள் இறங்கி அப்புறம்தான் மேலே ஏறும். அதனால் மண் உள்ளே போனால் பிஸ்டன், ரிங் மட்டுமல்ல, கிராங்க் பேரிங்கும் கனெக்டிங் ராட் பேரிங்கும் சேர்ந்து தேயும். குழந்தை வண்டி, சின்ன இன்ஜின்தானே என்று நினைக்கிறோம், தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்கிற ரீபோர் செலவு அப்படிச் சின்னதாக வராது.

சோபா ஸ்பாஞ்ச் கூடவே கூடாது. ஃபில்டர் ஸ்பாஞ்சில் துளைகள் ஒன்றோடு ஒன்று திறந்திருக்கும், காற்று போகும், அதே நேரம் பெட்ரோலையும் ஆயிலையும் தாங்கும். சோபா ஸ்பாஞ்ச் அதற்குச் செய்ததில்லை. ஒன்று மூச்சை அடைக்கும், இல்லையென்றால் கொஞ்ச நாளில் பிசுபிசுத்து உள்ளே இழுபடும்.

ரைடர்அம்மா:

அண்ணா, வாங்கும்போது இரண்டாக வாங்கிவிடுங்கள். ஒன்று காயும்போது இன்னொன்று வண்டியில் இருக்கும். எங்கள் வீட்டில் இதை ஆரம்பித்த பிறகுதான் ஈர ஃபில்டரை அவசரமாக மாட்டுகிற வேலையே நின்றது. சேலத்தில் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர் பக்கம் கேட்டுப் பாருங்கள், ரேஸ் வண்டி வைத்திருப்பவர்கள் அங்கே அதிகம்.

பெட்ரோல் வேண்டாம். ஸ்பாஞ்சையும் ஒட்டுப் போட்ட இடத்தையும் அது தளர்த்திவிடும், தீப்பிடிக்கிற ஆபத்து வேறு. பெயின்ட் கடையில் டர்பன்டைன் கிடைக்கும், அதில் முக்கி மெதுவாக அழுத்தி அழுத்தி எடுத்தால் பழைய ஆயில் கரைந்து வந்துவிடும். அதன் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற லிக்விட் விட்டு, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசுங்கள். துணியைப் போல முறுக்கிப் பிழியாதீர்கள், ஒட்டு விட்டுப்போகும். ஏர் கன்னும் வேண்டாம், அந்த வேகத்தில் ஸ்பாஞ்ச் கிழியும். நிழலில் நன்றாகக் காயட்டும், உள்ளே ஈரம் இருந்தால் ஆயில் பிடிக்காது.

காய்ந்த பிறகு ஆயில். இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். துளை பெரிது, தூசி சிறிது, வெறும் ஸ்பாஞ்ச் வழியாகத் தூசி தாராளமாகப் போகும். அதைப் பிடித்து நிறுத்துவது ஆயிலின் பிசுக்குதான். ஃபில்டரை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஆயிலை விட்டு, வெளியிலிருந்தே பிசையுங்கள், கையும் அழுக்காகாது. நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வர வேண்டும், வெளுத்துத் தெரிகிற இடத்தில் ஆயில் போகவில்லை என்று அர்த்தம். மிச்சத்தை அழுத்தி எடுத்துவிடுங்கள். சொட்டச் சொட்ட மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும்.

சேலத்து_அப்பா:

நன்றிங்க அக்கா. அந்த ஆயில் தனியாகத்தான் வாங்க வேண்டுமா? வீட்டில் பெட்ரோலில் கலக்கிற 2டி ஆயிலும் 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலும் இருக்கிறது.

ரெண்டாவதுகியர்:

2டி வேண்டாம், ரொம்பத் தண்ணி. இன்ஜின் ஆயிலும் ஓரிரு நாளில் கீழே வடிந்துவிடும், மேல்பாதி வறண்டு நிற்கும், அடியில், ஃபில்டர் உட்கார்ந்திருக்கிற ஏர் பாக்ஸில் குளமாக இருக்கும். ஃபில்டர் ஆயிலை வாங்கிவிடுங்கள், குழந்தை வண்டிக்கு ஒரு பாட்டில் ரொம்ப நாள் வரும். அவசரத்துக்கு என்றால் கியர் ஆயில் பரவாயில்லை, பழைய ஹோண்டா ஆஃப் ரோடு மேனுவல்களில் 80-90 கியர் ஆயில்தான் சொல்லியிருப்பார்கள். ஒன்று கவனிக்க, இதெல்லாம் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மட்டும். பேப்பர் ஃபில்டருக்கு ஆயிலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், அடைத்தால் மாற்ற வேண்டியதுதான்.

ஏற்காடு_காபி:

மேலே திணறியதற்கு ஃபில்டர் ஒரு காரணமாக இருக்கலாம், முழுக் காரணம் அது இல்லை. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் காற்றின் அடர்த்தி பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. காரில் சென்சார் இருக்கிறது, பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது, சேலத்துக்கு விட்ட பெட்ரோலை ஏறக்குறைய அப்படியே விடும். குறைந்த காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகிவிடும், அதனால்தான் திணறலும் கரியும். அடைத்த ஃபில்டரும் இதே அறிகுறியைத்தான் காட்டும் என்பதால் பலர் இங்கே வந்து ஃபில்டரைக் குறை சொல்கிறார்கள்.

ஒரு நாள் வந்து போவதற்கு எதையும் தொடாதீர்கள், கொஞ்சம் திணறினால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. நாலைந்து நாள் தங்குவதாக இருந்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துகிற ஊசி, அதாவது நீடிலின் கிளிப்பை ஒரு வெட்டு மேலே போடலாம், நீடில் இறங்கி பெட்ரோல் குறையும். ஆனால் கீழே இறங்கியதும் மறக்காமல் பழையபடி மாற்ற வேண்டும். சேலம் வெயிலில் டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோல் குறைந்தால் சூடேறி பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்று சீஸ் ஆகிவிடும், அது திணறலைவிடப் பெரிய தொல்லை.

ஸ்பானர்12:

எல்லோரும் ஸ்பாஞ்சையே பேசுகிறீர்கள், ஓரத்தை யாரும் சொல்லவில்லை. புது ஃபில்டரே போட்டாலும் அது உட்கார்கிற விளிம்பில் இடைவெளி இருந்தால் தூசி அந்த வழியாகத்தான் போகும். விளிம்பில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். ரெண்டு ஓட்டம் ஓட்டிய பிறகு ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சிவந்தால் எங்கேயோ கசிகிறது. அந்த ரப்பரில் வெடிப்பு, கிளாம்ப் லூஸ், இரண்டையும் பாருங்கள்.

செட்டிச்சாவடி பக்கம் மாக்னசைட் வெள்ளைப் பொடியில் ஓட்டுகிற பையன்களிடம் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: புழுதியில் ஓட்டினால் அன்றைக்கே கழற்றிப் பாருங்கள், மாதக் கணக்கு பார்க்காதீர்கள். வாட்டர் வாஷ் விடும்போது ஏர் பாக்ஸ் பக்கம் பிரஷரைக் காட்டாதீர்கள். ஏர் பாக்ஸைத் துடைப்பதற்கு முன் கார்புரேட்டர் வாயில் துணி அடைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் ஞாபகமாக எடுத்துவிடுங்கள்.

சேலத்து_அப்பா:

இரண்டு ஃபில்டரும் ஆயிலும் ஆர்டர் போட்டாயிற்று. வரும்வரை வண்டிக்குப் பூட்டு, சாவி என் பாக்கெட்டில். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், பரவாயில்லை. விளிம்புக்கு வீல் பேரிங் கிரீஸ் போதுமா?

ஸ்பானர்12:

போதும். மெல்லிசாக ஒரு சுற்று. ஸ்பாஞ்ச் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.