ஆஸ்திரேலிய அவுட்பேக்கில் (ஆள் குறைந்த வறண்ட உள்நாட்டில்) சின்னக் குழுவோடு போனவர்கள், பார்த்ததை எழுதுங்கள்

அடிலெய்ட்வாசி:

உலுருவை மாலையில் படம் எடுத்துவிட்டு மறுநாளே விமானம் ஏறியவர்களின் கதை நிறையக் கேட்டாயிற்று. தப்பில்லை, சமவெளி நடுவே 348 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறை நிற்பதை ஒருமுறையாவது பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே வண்டியில் அடங்குகிற ஆட்களாக, வழிகாட்டியோடு போய், அந்த நிலத்தில் வாழ்கிற உயிர்களை நின்று பார்த்தவர்கள் இருந்தால் இங்கே எழுதுங்கள். முதலில் நான்.

நாங்கள் போனது ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே நீளுகிற மக்டோனல் மலைத்தொடர், அங்குள்ள அரெர்ன்ட மக்கள் ட்ஜோரிட்ஜா என்பார்கள். வழிகாட்டி ஒரு பெண்மணி, முன்பு ரேஞ்சராக வேலை பார்த்தவர், தேவைக்கு மேல் பேசமாட்டார். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான். தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு மணி நேரமாவது அங்கேயே உட்கார வேண்டும். பேச்சு கூடாது, எழுந்து நடக்கக் கூடாது. "இன்னும் இரண்டு பள்ளத்தாக்கு பாக்கி இருக்கிறதே" என்று குழுவில் சிலர் முணுமுணுத்தார்கள், அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சிம்ப்சன்ஸ் கேப்பில்தான் அதன் அருமை தெரிந்தது. ஒரு பெரிய பேருந்து வந்தது, கூட்டம் இறங்கி மலைப்பிளவின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தது, போய்விட்டது. அவர்கள் தலைக்கு நேர் மேலே இருந்த கற்குவியலில் கறுப்புக்கால் பாறை வாலபிகள் உட்கார்ந்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. முழங்கால் உயரம்தான் இருக்கும், பாறையின் நிறம்தான் அதற்கும், அசையாதவரை கண்ணில் படாது. சத்தம் அடங்கியதும் ஒன்று தாவித் தாவி இறங்கி வந்து எங்களுக்கு மிக அருகில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டது, பைக்குள்ளிருந்து ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்தது.

அடுத்தது ஆர்மிஸ்டன் பள்ளத்தாக்கு. அங்கே நீர்க்குட்டை ஓரம் ஜீப்ரா ஃபின்ச் என்கிற சிவப்பு அலகுச் சில்லைகள் வந்துகொண்டே இருந்தன. விதை தின்கிற பறவை என்பதால் தண்ணீரை விட்டு அதிக தூரம் போகாது, வறண்ட இடத்தில் இவற்றின் கூட்டத்தைப் பார்த்தால் பக்கத்தில் எங்கோ நீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் வழிகாட்டி. அப்புறம் தெற்கிலிருந்து ஒரு கிறீச்சொலி. திரும்புவதற்குள் பட்ஜரிகர் கூட்டம் தலைக்கு மேல் வந்துவிட்டது. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று கூண்டில் அடைத்து விற்கிறோமே, அதேதான். நீலம், வெள்ளை எல்லாம் மனிதன் வளர்த்து உண்டாக்கிய நிறங்கள், இங்கே அத்தனையும் பச்சையும் மஞ்சளும். மொத்தக் கூட்டமும் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும்போது வானத்தில் பச்சை பளிச்சென்று ஏறும், மறுபக்கம் திரும்பினால் இருண்டுவிடும். குனிந்து நாலு வாய் குடிப்பதற்குள் ஒரு சின்ன வல்லூறு பாய்ந்தது. கூட்டம் நடுவில் பிளந்து, மறுபடி மூடி, மலைமுகட்டைத் தாண்டிப் போயே போய்விட்டது. வல்லூறுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, காய்ந்த மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. முணுமுணுத்தவர்களில் ஒருவர்தான் அன்றைக்குக் கடைசியாக எழுந்தார்.

பாம் வேலி பற்றியும் சொல்ல வேண்டும். ஃபிங்க் ஆற்றின் காய்ந்த படுகையிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் அந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. பாலைவனத்தின் நடுவே விசிறிப் பனைகள் கூட்டமாக நிற்கின்றன. மத்திய ஆஸ்திரேலியா ஈரமாக இருந்த பழங்காலத்தின் மிச்சம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2012ல் மரபணுவைப் பார்த்தபோது, வடக்கே பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மட்டரங்கா, ரோப்பர் ஆற்றுப் பக்கம் வளர்கிற பனையிலிருந்து இது பிரிந்து சுமார் 15,000 ஆண்டுகள்தான் ஆகின்றன என்று தெரிந்தது. அப்படியானால் விதையை மனிதர்கள் கொண்டுவந்திருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், வடக்கிலிருந்து வந்த தெய்வங்கள் விதை கொண்டுவந்தன என்று அந்த ஊர் மக்கள் சொன்ன கதையை ஹெர்மன்ஸ்பர்க் மிஷனில் இருந்த கார்ல் ஸ்ட்ரெலோ 1894லேயே எழுதி வைத்திருக்கிறார். கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் யாருக்கும் தோன்றவில்லை போல.

காங்கயத்தான்:

அண்ணா, நானும் அதே மலைத்தொடர்தான், ஆனால் போனது அக்டோபரில். வெயில் ஏறிவிட்டதால் ஊர்வன எல்லாம் வெளியே வந்துவிட்டிருந்தன. எல்லரி கிரீக் பக்கம் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம், புதருக்குள்ளிருந்து ஒரு பெரெண்டி வந்தது. உடும்பு இனம், ஆஸ்திரேலியாவிலேயே பெரிய பல்லி, இரண்டரை மீட்டர்வரை வளருமாம். நாங்கள் பார்த்தது அவ்வளவு இல்லை, ஆனாலும் என் உயரத்துக்குக் குறையாது. மஞ்சள் புள்ளி வரிசை வரிசையாக, தலையை உயர்த்தி, நாக்கை வெளியே நீட்டி நீட்டி, எங்கள் நாற்காலிகளுக்கு நடுவே நிதானமாக நடந்து போனது. நாங்கள் இருப்பதையே அது பொருட்படுத்தவில்லை. வழிகாட்டிப் பையன் "காலை எடுக்காதீர்கள், நீங்களும் ஒரு மரம்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்றான். நினைத்துக்கொண்டேன்.

நான் எழுத வந்தது வேறு ஒன்று. வழியில் இறங்கியபோது சாலையோரம் முழுக்க ஒரு புல், கதிர் பழுப்பாக, மெத்துமெத்தென்று. கிள்ளிப் பார்த்தேன். எங்கள் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், வளர்கிற கொழுக்கட்டைப் புல்! எனக்கு ஒரே சந்தோஷம். கிளுவை முள்வேலி, வெள்வேல மரம், இந்தப் புல், இவை மூன்றும் இருந்தால்தான் எங்கள் பக்கம் காங்கய மாட்டுக்கு மேய்ச்சல். "இது எங்கள் ஊர்ப் புல்" என்று அந்தப் பையனிடம் சொன்னேன், அவன் முகம் சுருங்கிவிட்டது. இங்கே இதற்கு பஃபெல் புல் என்று பெயர், இந்த நாட்டையே தின்றுகொண்டிருக்கிறது என்றான்.

விஷயம் இதுதான். ஒட்டகத்தில் சரக்கு ஏற்றிப்போன ஒட்டகக்காரர்கள் இங்கே வந்த காலத்தில் சேணத்துக்குள் திணித்த வைக்கோலோடு விதை வந்து விழுந்திருக்கும் என்று சொல்கிறார்கள், பிறகு மாட்டுத் தீவனத்துக்கும் புழுதியை அடக்கவும் அரசாங்கமே விதைத்திருக்கிறது. இங்கே இயல்பாக இருக்கிற ஸ்பினிஃபெக்ஸ் புல் திட்டுத் திட்டாக வளரும், நடுவில் வெறும் மண் கிடக்கும், அதனால் தீ பிடித்தாலும் ஒரு இடத்தில் நின்றுவிடும். பஃபெல் இடைவெளியே விடுவதில்லை. எரியும்போது சூடு அதிகம், எரிந்த வேகத்தில் மறுபடி துளிர்த்து அடுத்த தீக்குத் தயாராகிவிடுகிறது. ஆற்றோரம் நின்ற பெரிய யூகலிப்டஸ் மரங்கள் அடிவரை கருகிக் கிடந்ததைக் காட்டினான். வடக்குப் பிரதேச அரசு 2024ல்தான் இதைக் களை என்று அறிவித்தது. மாடு வளர்க்கிறவர்களுக்கு அதில் சம்மதமில்லை, அவர்களுக்கு இது தீவனம். எனக்கு இரண்டு பக்கமும் புரிந்தது, மாட்டுக்காரன் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே. ஆனாலும் அன்று சாயங்காலம் முகாமைச் சுற்றி எல்லோரும் அதை வேரோடு பிடுங்கியபோது நானும் பிடுங்கினேன். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குழுவில் புல் பிடுங்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

ஜூலையில் போகிறவள்:

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. நாங்கள் ஜூலையில் போகலாமென்று இருக்கிறோம், மாமியாரும் வருகிறார்கள், சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? கழிவறை எப்படி? பாம்புத் தொல்லை உண்டா? ஒரே வண்டியில் அன்னியர்களோடு நாள் முழுக்க என்பதும் ஒரு யோசனையாக இருக்கிறது.

மெல்போர்ன் அக்கா:

தங்கச்சி, சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் செய்து தருவார்கள். இரும்புச் சட்டியைத் தணலில் புதைத்து வழிகாட்டி வைத்த பூசணிக்காய் கறியை இவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். டாம்பர் ரொட்டியும் அப்படித்தான் சுடுவார்கள். ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள், அது முழு வண்டிக்கும் தேவைப்படும். ஜூலையில் பாம்பு பெரும்பாலும் வெளியே வராது, குளிர்தான் பிரச்சினை. இரவில் பூச்சியத்துக்குக் கீழே போகும், மாமிக்குக் கம்பளித் தொப்பி அவசியம். கழிவறையைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சில முகாமில் குழிக் கழிவறை, சில இடத்தில் மண்வெட்டியோடு நடக்க வேண்டியதுதான்.

நாங்கள் போனது தெற்கு ஆஸ்திரேலியப் பக்கம், ஊட்னடாட்டா பாதை. மரீயிலிருந்து மார்லாவரை 600 கிலோமீட்டருக்கு மேல் மண்ரோடு. கான் என்கிற ரயிலின் பழைய பாதையும் தந்திக் கம்பியும் போன வழி. இவை எல்லாம் ஏன் அந்த வழியாகப் போயின என்றால், அங்கேதான் வரிசையாக ஊற்றுகள் இருக்கின்றன. அரபனா மக்கள் நடந்த பாதையும் அதுவே. மரீ தாண்டிப் போனால் வபுமா கடர்பு பூங்காவில் பப்ளர் என்று ஓர் ஊற்று. வெட்டவெளியில் ஒரு மேடு, அதன் தலையில் குளம், குளத்தின் அடியிலிருந்து மணல் கொதித்துக் கொதித்து எழும்பும். நிலத்தடியில் 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெரும் ஆர்ட்டீசியன் படுகையின் தண்ணீர் அது. பெரும்பகுதி கிழக்கே குயின்ஸ்லாந்துப் பக்கம் விழுந்த மழை. பாறைக்குள் ஊறி ஊறி இங்கே வந்து சேர பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேலும் ஆகுமாம். எங்கள் வழிகாட்டி ஒரு பூதக்கண்ணாடியைக் கையில் தந்து, ஊற்றின் வாய்க்கால் ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். கடுகளவு நத்தைகள். இந்த ஊற்றுகளை விட்டால் உலகத்தில் வேறு எங்கும் இல்லாத இனங்கள். சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் ஆழ்துளைக் கிணறு போட்டு இறைப்பதால் பல ஊற்றுகளில் வேகம் குறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

வில்லியம் கிரீக்கில் இருந்து சின்ன விமானத்தில் கடி தண்டா ஏரிக்கு மேலே போனோம். லேக் ஐர் என்று படித்திருப்பீர்கள், கடல்மட்டத்துக்கும் 15 மீட்டர் கீழே கிடக்கிற உப்பேரி, பெரும்பாலான வருடங்களில் காய்ந்துதான் இருக்கும். குயின்ஸ்லாந்தில் வெள்ளம் வந்தால் அந்தத் தண்ணீர் வாரக்கணக்காக நடந்து இங்கே வரும். நாங்கள் போனபோது வடக்கு ஓரத்தில் தண்ணீர் இருந்தது, கூழைக்கடாக்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. பல நூறு கிலோமீட்டர் தாண்டிக் கரையோரத்தில் இருக்கிற பறவைக்கு, பாலைவன நடுவில் தண்ணீர் வந்தது எப்படித் தெரிகிறது என்று இன்றுவரை உறுதியாக ஒருவரும் சொல்லவில்லை. வடிவென்றால் அப்படி ஒரு வடிவு. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்தது அந்தக் கடுகு நத்தைதான். விமானத்தில் பார்த்ததைப் படத்திலும் பார்க்கலாம்.

திரும்பும்போது மழை. மண்ரோட்டில் மழை விழுந்தால் பாதையை மூடிவிடுவார்கள், மீறிப் போனால் அபராதம், களிமண்ணில் புதைந்தால் அதற்கு மேலே செலவு. வில்லியம் கிரீக்கில் இருப்பது ஒரு மதுக்கடை, ஒரு விமானத் தளம், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அங்கேயே அடைபட்டுக் கிடந்தோம். அன்னியர்களோடு எப்படி என்று கேட்டீர்களே, அடைபட்ட பின் அன்னியர் என்று ஒருவரும் இல்லை. இவர் ஜெர்மன் தம்பதிக்கு 304 சீட்டாட்டம் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

பெர்த் பையன்:

என்னுடையது சின்னக் கதை, இரண்டு துண்டு.

ஒன்று, முள்பிசாசு. தோர்னி டெவில் என்கிற அந்தப் பல்லி ஆலிஸுக்குத் தெற்கே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையின் நடுவில் நின்றது. கையளவுதான், உடம்பெல்லாம் முள், ஒரு அடி வைக்கும், முன்னும் பின்னும் ஆடும், அடுத்த அடியை யோசிக்கும். எதிரே 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ரோடு ட்ரெயின் லாரி தூரத்தில் வந்துகொண்டிருந்தது, அது நினைத்தாலும் சட்டென்று நிற்காது. வழிகாட்டி வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ரேடியோவில் 40ஆம் சேனலில் லாரிக்காரரிடம் "சாலையில் ஆள் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினார். தொடாமல், தொப்பியைப் பின்னால் பிடித்து ஓட்டினார், அதுவோ ஆடி ஆடித்தான் போனது. லாரி கடந்தபோது அடித்த காற்றில் தொப்பி போய்விட்டது, பல்லி பிழைத்தது. ஓரத்து மண் காலைத் தூறலில் ஈரமாக இருந்தது, அதில் நின்றபடி வாயை மென்றுகொண்டிருந்தது. தோலில் செதில்களுக்கு நடுவே நூலளவு வாய்க்கால்கள் இருக்கின்றன, கால் ஈரத்தில் பட்டால் போதும், தண்ணீர் அதன் வழியே ஏறி வாய்க்கே வந்துவிடும் என்றார். சாப்பாடு எறும்பு மட்டும், நாக்கால் ஒவ்வொன்றாக, ஒரே வேளையில் ஆயிரத்தைக்கூடத் தாண்டுமாம்.

இரண்டாவது, டிங்கோ. திறந்த வானத்தின் கீழே ஸ்வாக் விரித்துப் படுத்திருந்தோம், கான்வாஸ் உறை போட்ட மெத்தைதான், நான் பயந்த அளவுக்குக் குளிரவில்லை. விடியற்காலை கண் விழித்தால் ஒரு டிங்கோ தலைமாட்டில் நின்று என்னை முகர்ந்துகொண்டிருந்தது. கத்தவில்லை, தொண்டை வரவில்லை என்பதுதான் காரணம். அது என் இடது கால் பூட்ஸைக் கவ்விக்கொண்டு அவசரமே இல்லாமல் போனது. மிச்சப் பயணம் முழுக்க வழிகாட்டியின் பழைய ரப்பர் செருப்போடு திரிந்தேன், அதுவும் இரண்டு அளவு பெரிசு.

அடிலெய்ட்வாசி:

காங்கயம் தம்பி, அந்தப் புல் சமாச்சாரம் எனக்குத் தெரியவே தெரியாது, இத்தனைக்கும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூலையில் போகிறவருக்கு: பதிவு செய்யும் முன் விலையையும் இடப்பட்டியலையும் விட, ஒரு நீர்நிலையில் எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று கேளுங்கள். இருபது நிமிடம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஓட்டும் தூரத்தையும் கேளுங்கள், 500 கிலோமீட்டர் என்று சொன்னால் மாமியார் பார்க்கப்போவது ஜன்னலைத்தான். சாட்டிலைட் போன் இருக்கிறதா என்பதை வாய்ச்சொல்லாக விட்டுவிடாமல் எழுத்தில் வாங்குங்கள், நெடுஞ்சாலையை விட்டு விலகினால் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. காய்ந்த ஆற்றில் நிற்கிற யூகலிப்டஸ் மரத்தடியில் படுக்கை போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அந்த மரம் காற்றே இல்லாத நாளிலும் கிளையைப் போட்டுவிடும். அப்புறம் ராத்திரி செருப்பை ஸ்வாக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள், மாமியாருடையதையும் சேர்த்து.