தன்னொழுங்கா, தம்மொழுங்கா? சரக்கு லாரித் தொழிலுக்கு ஒரு சொல்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

காரைக்குடிப் பக்கத்து லாரி உரிமையாளர்கள் சிலருக்காக ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே விதி வகுத்து நடப்பதை ‘செல்ஃப் ரெகுலேஷன்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன எழுதலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வந்த சொற்களை நாலு நாளாக மனதில் போட்டுப் பார்த்ததில் எனக்கு ஒரு சொல் பிடிபட்டிருக்கிறது. அதைச் சபையில் வைக்கிறேன்.

> சுயகட்டுப்பாடு என்ற சொல் எல்லோருக்கும் தெரிந்ததுதானே? புதிதாக எதற்கு?

ஐயா, அது ஒரு மனிதரின் குணத்தைச் சொல்லும் சொல். பலகாரத் தட்டு எதிரே இருந்தும் சர்க்கரை நோயாளி கை நீட்டாமல் இருந்தால் அது சுயகட்டுப்பாடு. அவருக்கு விதியும் இல்லை, தணிக்கையும் இல்லை, தவறினால் கேட்பாரும் இல்லை. எனக்கு வேண்டிய சொல்லுக்குள் இந்த மூன்றும் இருக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்தில் ‘கட்டுப்பாடு’ என்றால் பெரியவர்கள் காதில் முதலில் விழுவது ஊர்க்கட்டுப்பாடு. ஒரு குடும்பத்துக்குத் தண்ணீர் கொடுக்காதே, கடையில் சாமான் கொடுக்காதே என்று தள்ளிவைத்த காலத்தின் சொல் அது. அந்த வாடை இந்தத் துண்டறிக்கையில் வேண்டாம்.

> அப்படியானால் தன்னொழுங்கு போதுமே. ‘ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்’ என்று அரசே எழுதுகிறது. ஒழுங்கு மக்களுக்குப் பழகிய சொல்.

அக்கா, ஒழுங்கு என்ற பாதியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு இடறுவது ‘தன்’. ஏன் என்று சொல்ல ஒரு லாரி நடையை, அதாவது ஒரு சரக்குப் பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அப்பா இங்கே ஒரு லாரி செட்டில் பல ஆண்டு கணக்கு எழுதினார். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் ஏற்றும் நாட்களில் நானும் பள்ளிக்கூடம் விட்டு அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். சிமெண்ட் கல் என்பதால் வைக்கோல் போட்டு அடுக்கினாலும் கனம் குறையாது. வண்டியின் தொட்டி பாதிகூட நிறையாது, பாஸிங் எடை (வண்டிக்கு அனுமதித்த எடை) நிறைந்துவிடும். சரக்கு அனுப்புகிறவர் கண்ணுக்கு வெறும் இடம்தான் தெரியும். “இடம் சும்மாதானே கிடக்கு, இன்னும் நாலு அடுக்கு வை” என்பார். ஒரு வண்டிக்காரர் முடியாது என்று நின்றார். நல்ல மனிதர். எடைமேடைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். அடுத்த வாரம் அந்தச் சரக்கு வேறு வண்டியில் போயிற்று, அந்த நாலு அடுக்கோடு. மூன்றாவது மாதம் அவரும் ஏற்ற ஆரம்பித்தார். திருமயம் தாண்டிப் பின்டயர் வெடித்து வண்டி சரிந்தது. கிளீனர் பையனுக்குக் கால் போனது. அந்தச் சரக்கின் சொந்தக்காரர் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வண்டிக்காரரிடம் தன்னொழுங்கு இருந்தது. இல்லாமல் போனது மற்றவர்களின் ஒழுங்கு. ஒருவர் மட்டும் ஒழுங்காக இருந்தால் அவர் வாடகையை இழப்பார், அவ்வளவுதான்.

இங்கேதான் தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது. தான் என்பது ஒருமை, தாம் என்பது பன்மை. வேற்றுமை உருபு ஏற்கும்போது தான் ‘தன்’ என்று குறுகும், தாம் ‘தம்’ என்று குறுகும். பலர் கூடித் தமக்கு வைத்துக்கொள்ளும் ஒழுங்குக்குத் தன் எப்படிப் பொருந்தும்? தம்மொழுங்கு என்பதே சரி. ஒருவர் தனக்குள் வைத்துக்கொள்ளும் ஒழுங்கைத் தன்னொழுங்கு என்றும், ஒரு தொழிலார் கூடி வைத்துக்கொள்வதைத் தம்மொழுங்கு என்றும் பிரித்துச் சொல்லலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நம்மிடம் இரண்டு இருக்கும்போது ஒன்றை ஏன் வீணாக்க வேண்டும்?

> வெளிநாட்டில் இதை உண்மையிலேயே செய்கிறார்களா, அல்லது காகிதத்தில்தானா?

செய்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் காட்டு மரம் ஏற்றும் தொழிலில் மிகைப்பாரத்தைக் குறைக்கத் தொடங்கிய முயற்சி, சாலைப் போக்குவரத்து மேலாண்மை முறை என்ற பெயரில் கரும்பு முதலிய பிற சரக்குகளுக்கும் பரவியது. அரசு ஆதரிக்கிறது, ஆனால் சேருவது அவரவர் விருப்பம். அதற்கென்று 1395 என்ற எண்ணில் ஒரு தேசியத் தரமும் இருக்கிறது. அங்குள்ள சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனத்துக்கும் இதில் பங்கு உண்டு. (காரைக்குடிக்காரர்கள் நம் ஊர் மின்வேதியியல் ஆய்வகமான செக்ரியின் தாய் நிறுவனத்தை நினைக்க வேண்டாம். பெயர்ச் சுருக்கம் ஒன்று, நாடு வேறு.) சேரும் நிறுவனம் பாரம், வண்டிப் பராமரிப்பு, ஓட்டுநர் நலம், பயிற்சி எல்லாவற்றுக்கும் பதிவு வைத்து, வெளித் தணிக்கையாளரிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. வண்டிக்காரரோடு சரக்கு அனுப்புகிறவரையும் பெறுகிறவரையும் அந்த முறை உள்ளே இழுக்கிறது. நாலு அடுக்கு வை என்றவரும் அந்த ‘தம்’முக்குள் வருகிறார்.

லாபமும் உண்டு. ஒழுங்காக நடக்கும் நிறுவனங்களைத்தான் அங்கே நீளமான, கூடுதல் பாரம் தாங்கும்படி வடிவமைத்த வண்டிகளின் சோதனைத் திட்டத்தில் சேர்க்கிறார்கள். அதே சரக்குக்கு நடை குறையும், டீசலும் குறையும். ஒழுங்குக்கும் வருமானத்துக்கும் பகை இல்லை என்று நம்மவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு மிகைப்பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் சரக்கை இறக்கவும் வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுத்துவிட்டது. ஆனால் சாலையில் வண்டியை மறிக்கும்போது அகப்படுகிறவர் ஓட்டுநர். “விடியறதுக்குள்ள வந்துடணும்” என்று போனில் விரட்டியவர் அங்கே இருப்பதில்லை.

பாரம் பற்றி ஒரு கணக்கையும் துண்டறிக்கையில் சேர்க்கிறேன். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பெரிய சாலைச் சோதனை நடத்தினார்கள். சக்கரங்களைத் தாங்கும் அச்சின் பாரம் கூடினால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் மடியில் கூடும் என்பது அதிலிருந்து வந்த விதி. பத்து விழுக்காடு கூட ஏற்றினால் சேதம் 46 விழுக்காடு கூடும். இருபது ஏற்றினால் இரட்டிப்புக்கும் மேல். நாலு அடுக்குதானே என்பவருக்கு இதைக் காட்ட வேண்டும்.

> தொழில்காரர்கள் கூடினால் வாடகையைத்தான் ஏற்றுவார்கள். அதற்கும் தம்மொழுங்கு என்று பெயர் சூட்டுவீர்களா?

சங்ககிரி அண்ணன் தனிமடலில் கேட்டது. நியாயமான பயம், அவர் அனுமதியோடு இங்கே பதில் எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கதையே இதில் இரண்டு பக்கமும் பேசுகிறது. ரங்கூனில் லேவாதேவி (வட்டிக்கடைத் தொழில்) செய்த நகரத்தார், முகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானித்தார்கள். அரசு சொல்லி நடந்ததில்லை. ஒருவர் சொல்லை மற்றவர் மதித்ததால் நின்றது. இன்னும் பின்னால் போனால், பிரான்மலைக் கோயில் கல்வெட்டில் ஐந்நூற்றுவர் முதலான வணிகக் குழுவினர் தங்கள் சரக்குகளின் மேல் தாங்களே மகமை (பொதுக் காரியத்துக்கு வைக்கும் வரி) போலப் பணம் வைத்துக் கோயிலுக்குக் கொடுத்த செய்தி இருக்கிறது. தாமே கூடித் தம்மைக் கட்டிக்கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஆனால் நடப்பு வட்டி, விலையைப் பற்றிய ஒப்பந்தம் என்பதை மறைக்கக் கூடாது. இன்று லாரிக்காரர்கள் கூடி வாடகை இவ்வளவு என்று தீர்மானித்தால் அது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது. ஆகவே சொல்லின் எல்லையைத் துண்டறிக்கையிலேயே எழுதிவிடுகிறேன்: பாரம், டயர், பிரேக், ஓட்டும் நேரம், ஓய்வு ஆகியவற்றுக்குத்தான் தம்மொழுங்கு. வாடகைக்கு இல்லை.

பேச்சில் நிற்குமா என்றும் பார்த்தேன். தெரிந்த உரிமையாளர் ஒருவரிடம் பொருளைச் சொன்னதும், “இது சர்க்கார் போட்டது இல்ல, நாங்களா வச்சுக்கிட்டது, அதானே?” என்றார். அவர் வாயில் இது ‘நம்ம ஒழுங்கு’ என்றே வரும். வரட்டும். நாம் என்பவர் பேசும்போது நம்மொழுங்கு, அவர்களைப் பற்றி எழுதும்போது தம்மொழுங்கு. இலக்கணமும் இடம் தருகிறது. தம்மொழுங்குத் திட்டம், தம்மொழுங்குச் சான்று, தம்மொழுங்கில் சேர்ந்த வண்டி என்று கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன.

ஒரு குறை எனக்கே தெரிகிறது. ‘தம்’ என்று மட்டும் கேட்டால் ஓட்டுநர்களுக்குப் பீடி நினைவுதான் வரும். ஆனால் மகரம் இரட்டித்துச் சொல்லோடு சேர்ந்த பிறகு அந்தக் குழப்பம் வருவதாகத் தெரியவில்லை. சொல்லிப் பார்த்த மூன்று ஓட்டுநர்களும் இடறவில்லை.

இன்னும் தீராதது ஒன்று. சரக்கு அனுப்புகிறவர், பெறுகிறவர், ஏற்றிச் செல்பவர் மூவரையும் சேர்த்துச் சொல்ல ஒரே சொல் வேண்டும். ‘சரக்குத் தொடர்பினர்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் நிறையவில்லை. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். அதற்குள் யாராவது நல்லதாகச் சொன்னால் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து