புதிய வேலையிடத்தில் பேச்சைத் தொடர்வது எப்படி?

கேள்வி: கெடாக்காரன்

வணக்கம். சுங்கை பட்டாணியிலிருந்து வந்து, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். பிரிவில் மலாய்க்காரர்களும் சீனர்களுமே அதிகம். கைகுலுக்கிப் பெயரையும் ஊரையும் சொல்லி முடித்ததுமே எனக்குப் பேச்சு வற்றிவிடுகிறது. மதியம் எல்லாரும் மாமாக் கடைக்கு (இந்திய முஸ்லிம் உணவகத்துக்கு) கிளம்பும்போது, நானும் வரலாமா என்று கேட்க வாய் வருவதில்லை. இவன் ஒட்டாதவன் என்று அவர்கள் அதற்குள் முடிவு கட்டியிருப்பார்களோ என்னும் கவலை வீட்டுக்குப் போன பிறகும் விடுவதில்லை. வழி சொல்லுங்கள்.

பதில்: ஜெலுத்தோங் அக்கா

தம்பி, உங்கள் கவலைக்கு ஆய்வாளர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். எரிக்கா பூத்பியும் அவருடைய குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முதன்முறை பேசிக்கொண்ட இருவரும், எதிரில் இருந்தவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்திருந்தது என்பதை உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிட்டார்கள். விடுதியில் ஒன்றாகத் தங்கிய மாணவர்களிடம்கூட இந்தக் குறைமதிப்பீடு பல மாதங்கள் நீடித்ததாம். ஆகவே, அவர்கள் உங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று நீங்களாகவே தீர்ப்பு எழுத வேண்டாம்.

பேச்சு வற்றுவதற்குக் காரணம், ஒரு கேள்விக்குப் பதில் வந்ததும் அடுத்த தலைப்புக்குத் தாவுவதுதான். உடன் வேலை செய்பவர் ஒருவர், தீவுக்கு வெளியே பெருநிலத்தில் உள்ள கூலிமிலிருந்து தினமும் வருவதாகச் சொன்னால், "தூரம்தான்" என்று சொல்லி நிறுத்திவிடாமல், பழைய பாலத்தில் வருகிறாரா, பத்து மாவுங்கில் வந்து இறங்கும் இரண்டாவது பாலத்தில் வருகிறாரா, காலையில் எத்தனை மணிக்குப் புறப்பட்டால் நெரிசலில் சிக்காமல் வரலாம் என்று அவர் சொன்னதிலிருந்தே கேளுங்கள். பாலத்து நெரிசலைப் பற்றிப் பேச இந்தத் தீவில் யாருக்குத்தான் அலுக்கும்! இப்படித் தொடர்கேள்வி கேட்பவர்களைப் பிறருக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2017இல் காட்டியிருக்கிறார்கள்.

பதில்: பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி

அக்கா சொன்னதை ஏற்கிறேன். ஆனால், கேள்விக்கு முன்பு பெயரைச் சரியாகச் சொல்லக் கற்க வேண்டும். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும் என்பதால், லிம் என்று தொடங்கும் பெயருடையவர் மிஸ்டர் லிம். கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மிஸ்டர் சேர்ப்பது பொருந்தாது. மலாய்க்காரர்களை என்சிக் (திரு), புவான் (திருமதி) என்று சேர்த்து அவரவர் சொந்தப் பெயரால் அழைக்க வேண்டும், தந்தை பெயரால் அன்று. வருபவர் டத்தோ என்றால் அந்தப் பட்டத்தை விட்டுவிடாதீர்கள். சிலர் பெரிதுபடுத்த மாட்டார்கள், சிலருக்கு முகம் மாறிவிடும்.

முஸ்லிம் பெண்களிடம் நீங்கள் முந்திக்கொண்டு கை நீட்ட வேண்டாம். அவர் நீட்டினால் குலுக்கலாம். இல்லையேல் வலக் கையை நெஞ்சில் வைத்துச் சற்றே தலைவணங்கினால் போதுமானது.

பதில்: தே தாரிக் பிரியர்

தொடர்கேள்வி நல்லதுதான், ஆனால் அது விசாரணையாகிவிடக் கூடாது. சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று முதல் நாளே துருவுவது நம்மவர்களிடம் சற்று அதிகம். மற்றவர்கள் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த முறை வேறு மேசையில் உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு கேள்வி கேட்டால், உங்களைப் பற்றியும் ஒன்று சொல்லுங்கள்.

மாமாக் கடை விஷயத்தில், அழைப்புக்காகக் காத்திருக்காமல், அவர்கள் கிளம்பும்போது "நானும் வருகிறேன்" என்று எழுந்துவிடுங்கள். வேண்டாம் என்று சொல்பவர்கள் அரிது. நீங்களாக அழைப்பதானால் வெள்ளிக்கிழமை வேண்டாம். அன்று மதியம் மலாய் நண்பர்கள் தொழுகைக்குப் போய்விடுவார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், கடையைத் தேர்ந்தெடுப்பவருக்கு வசதியாக இருக்கும்.