மகளின் முதல் பள்ளி வருடம்: மாலை வேலைக்குப் போய்க் கடனை அடைப்பதா, வீட்டில் இருப்பதா?

கூட்டல்கழித்தல்

மகளுக்கு ஐந்தரை வயது. இன்னும் மூன்று மாதத்தில் ஒன்றாம் வகுப்பு. இதுவரை பாட்டியோடு இருந்தவள். முழு நாள் வெளியே இருக்கப் போவது இதுதான் முதல் தடவை. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம்.

கடன் மூன்று. கிரெடிட் கார்டு பாக்கி, மாதம் 3% வட்டி. வங்கியில் பர்சனல் லோன், வருடத்துக்கு 14%. அப்புறம் மனைவியின் அண்ணனிடம் வாங்கிய கைமாத்து. அதற்கு வட்டி கிடையாது, தொகையும் சின்னதுதான்.

தொகைகளை விகிதமாகச் சொல்கிறேன். கார்டு பாக்கி 100 என்றால், லோன் தவணையும் வீட்டுச் செலவும் போக மாதம் 8 கட்ட முடிகிறது. இப்போது ஒரு கூடுதல் வேலை கிடைத்திருக்கிறது. வாரம் நான்கு நாள், மாலை ஆறிலிருந்து பத்து வரை. அதற்குப் போனால் மாதம் 16 கட்டலாம். முதல் வருடம் நான் மாலையில் வீட்டில் இருக்க வேண்டும் என்கிறார் மனைவி. கடனை முதலில் ஒழித்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதே நிலையில் இருந்தவர்கள், இருப்பவர்கள் சொல்லுங்கள்.

திண்ணை

யோசிக்கவே வேண்டாம், போங்கள்.

மாதம் 3% என்பது சின்ன எண் போலத் தெரியும். நூறு பாக்கிக்கு மாதம் 8 கட்டிக்கொண்டே போனால் அடைய கிட்டத்தட்ட 16 மாதம் ஆகும், வட்டியாக மட்டும் 27 போகும். 16 கட்டினால் ஏழு மாதத்தில் முடிந்துவிடும், வட்டி 12 சொச்சம்தான். ஒன்பது மாதம் மிச்சம், வட்டியில் பாதிக்கு மேல் மிச்சம். இதைவிட நல்ல வருமானம் எந்த முதலீட்டிலும் வராது.

இன்னொன்று. கடன் இருக்கிற வீட்டில் அப்பா மாலையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதாலேயே அந்த மாலை நன்றாக இருந்துவிடாது. மாதக் கடைசியில் புருஷன் பெண்டாட்டிக்குள் வருகிற பேச்சு பிள்ளைக்குக் கேட்காமல் போகாது. ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருடக்கணக்காக நிம்மதியான அப்பா கிடைப்பாரே, அதுதான் பிள்ளைக்கு லாபம்.

செவ்வந்தி

திண்ணை ஐயாவின் கணக்கில் தவறில்லை. எந்த ஏழு மாதம் என்பதைத்தான் அவர் பார்க்கவில்லை.

நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. புதிதாக வரும் பிள்ளைகளில் சிலர் முதல் வாரம் அழுதுவிட்டுச் சரியாகிவிடுவார்கள். வேறு சிலர் வகுப்பில் அழவே மாட்டார்கள். வரிசையில் நிற்பார்கள், சொன்னதைச் செய்வார்கள், டிபன் பாக்ஸ் மூடி திறக்காவிட்டால்கூட யாரிடமும் கேட்காமல் அப்படியே மூடி வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் பிள்ளைகள் நாள் முழுக்க அடக்கியதை வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போது கொட்டுவார்கள். சாக்ஸ் சரியாக இல்லை என்று ஆரம்பித்து அரை மணி நேரம் அழுகை. படுக்கையை நனைப்பதை நிறுத்திய பிள்ளை மறுபடி நனைக்கும். கெட்ட பழக்கம் என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். ஆனால் அந்த நேரத்தில் பக்கத்தில் பொறுமையாக ஒருவர் இருக்க வேண்டும்.

தூக்கத்தையும் பாருங்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி 3 முதல் 5 வயதுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம், 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். காலை ஆறரைக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு எட்டரைக்கே படுத்தாக வேண்டும். பத்து மணிக்கு வேலை முடிந்து நீங்கள் வீடு வரும்போது அவள் தூங்கியிருப்பாள். வாரத்தில் நான்கு நாள் அப்பாவைக் காலை அவசரத்தில் மட்டும்தான் பார்ப்பாள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்த நான்கு மாலையும் யார் தலையில் விழும்? உங்கள் மனைவியும் வேலைக்குப் போய்விட்டுத்தானே வருகிறார். உங்கள் கூடுதல் வேலைக்குச் சம்பளம் உண்டு. அதனால் அவருக்கு வந்து சேரும் கூடுதல் வேலைக்குக் கிடையாது. அவர் வேண்டாம் என்பதை வெறும் பாசமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

திண்ணை

டீச்சரம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் கப்பலில், எல்லையில், ராத்திரி ஷிஃப்டில் வேலை பார்க்கிற அப்பாக்களின் பிள்ளைகள் எல்லாம் கெட்டா போய்விட்டார்கள்? என் அப்பா இரவு வேலைக்குப் போனவர். எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் கடன் வைக்காமல் போனதுதான் எனக்குப் பெரிய சொத்து. அம்மா இருக்கிறார், பாட்டி இருக்கிறார், பிள்ளை அநாதையாக நிற்கவில்லை.

நேர்வட்டி

இரண்டு பேருமே 3% வட்டியை மாற்ற முடியாத ஒன்றாக எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். முதலில் தொட வேண்டியதே அதுதான்.

கூட்டல்கழித்தல் சகோ, உங்கள் பர்சனல் லோன் 14% என்கிறீர்கள். தவணை தவறாமல் கட்டியிருந்தால் அதே வங்கியில் டாப்-அப், அதாவது இருக்கும் லோனின் மேலேயே கூடுதல் கடன், கேளுங்கள். கார்டு பாக்கி முழுவதையும் அதற்கு மாற்றிவிட்டு, இப்போது கட்டும் அதே 8-ஐக் கட்டினால் பதினான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும். வட்டி 9-ஐத் தாண்டாது. மாலை வேலைக்குப் போய் 16 கட்டினாலும் வட்டி 12 போகிறது என்று திண்ணை ஐயாவே சொல்லியிருக்கிறார். அதாவது, வட்டியை மட்டும் பார்த்தால் ஒரு மாலைகூட விட்டுக்கொடுக்காமல் அதைவிட அதிகம் மிச்சப்படுத்தலாம். காலம்தான் கூடுதல்.

மாற்றும்போது செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். 14% என்பது குறையும் பாக்கிக்கான வட்டிதானா என்றும் கேளுங்கள். பிளாட் ரேட் என்றால் கதையே வேறு. பிளாட் 10% என்று சொல்லி மூன்று வருடத் தவணையில் கொடுக்கும் கடன், குறையும் பாக்கிக் கணக்கில் கிட்டத்தட்ட 18% வரும். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும், முழு அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள்.

எது செய்தாலும் கார்டுக்கு மினிமம் தொகை மட்டும் கட்டிவிட்டு விடாதீர்கள். பாக்கியில் 5% மினிமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பாக்கியில் 5 கட்டினால் 3 வட்டிக்கே போய்விடும், அசலில் 2 மட்டுமே கழியும். அந்த வேகத்தில் பாக்கி பாதியாகவே மூன்று வருடத்துக்குப் பக்கம் ஆகும்.

திண்ணை

காகிதத்தில் அழகாக இருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கும் தெரியுமா? கார்டு காலியானதும் மறுபடி தேய்ப்பார்கள். அதுவும் பள்ளி தொடங்குகிற வருடம்! பை, சீருடை, கட்டணம் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். அப்போது லோனும் இருக்கும், கார்டும் நிறைந்திருக்கும். வட்டி குறைந்ததால் யாரும் கடனிலிருந்து வெளியே வருவதில்லை. வருமானம் கூட வேண்டும், இல்லாவிட்டால் செலவு குறைய வேண்டும்.

நேர்வட்டி

அந்த ஆபத்து உண்மை, மறுக்கவில்லை. மாற்றிய அன்றே கார்டின் வரம்பைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், ஆன்லைன் கடைகளில் சேமித்து வைத்த கார்டு எண்ணை நீக்குங்கள். பள்ளிச் செலவு எந்த மாதம் வரும் என்று முன்கூட்டியே தெரியும். அதை எதிர்பாராத செலவு என்று சொல்லவே கூடாது. வருடக் கட்டணத்தைப் பன்னிரண்டாக வகுத்து மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வைத்தால் கார்டைத் தேட வேண்டியிருக்காது.

மழைச்சாரல்

எனக்குத் தோன்றுவது வேறு. முதலில் அந்தக் கைமாத்தை அடைத்துவிடுங்கள்.

வட்டி இல்லை என்று அதைக் கடைசியில் தள்ளிவிடுவார்கள். ஆனால் வங்கிக்காரர் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டார், மச்சினர் வருவார். அவர் வாய் திறந்து கேட்காமல் இருக்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் மனைவிதான் கூனிக் குறுகுவார். சின்னத் தொகை என்கிறீர்கள், முடித்துவிடுங்கள். ஒன்று ஒழிந்தது என்ற தெம்பும் வரும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கடன் கணக்குகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போனவர்கள்தான் கடைசியில் முழுக் கடனிலிருந்தும் வெளியே வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். முடித்த கணக்கின் தொகை பெரிதா சிறிதா என்பதைவிட, முடித்ததுதான் கணக்கில் வந்தது.

நேர்வட்டி

மாதம் 3% ஓடிக்கொண்டிருக்கும்போது வட்டியில்லாக் கடனை முதலில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மச்சினரிடம் நேரில் போய், இந்த மாதத்திலிருந்து தொடங்குவேன் என்று ஒரு தேதி சொல்லிவிட்டால் போதும். மரியாதை அதிலேயே இருக்கிறது.

செவ்வந்தி

பணக் கணக்கில் ஒன்று விடுபடுகிறது. பள்ளி சேர்ந்த முதல் வருடம் பிள்ளைகளுக்குச் சளி, காய்ச்சல் அடிக்கடி வரும். புதிய கிருமிகளை இத்தனை பிள்ளைகளோடு பழகும்போதுதான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வீட்டில் ஒருவர் விடுப்பு எடுக்க வேண்டும். மாலை வேலையில் விடுப்புக்குச் சம்பளம் பிடிப்பார்கள் என்றால் உங்கள் 16 எல்லா மாதமும் 16 ஆக இருக்காது. கையில் ஒரு மாதச் செலவுக்காவது பணம் இல்லாமல் எல்லாவற்றையும் கடனில் போட்டால், முதல் காய்ச்சலுக்கே கார்டை எடுக்க வேண்டியிருக்கும்.

கூட்டல்கழித்தல்

எல்லோருக்கும் நன்றி. டாப்-அப் பற்றி யோசித்ததே இல்லை, திங்கட்கிழமை வங்கியில் கேட்கிறேன். கொடுக்க மறுத்தால்? அப்போது மாலை வேலையைத் தவிர வேறு வழி இல்லையே.

இன்னொரு சந்தேகம். பிள்ளையிடம் கடனைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா? போன வாரம் பள்ளிப் பை வாங்கப் போனபோது, படம் போட்ட சக்கரப் பை கேட்டாள். காசு இல்லை என்றேன். வீட்டுக்கு வந்ததும் உண்டியலைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மழைச்சாரல்

உண்டியலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "இது உன் பணம், வீட்டுச் செலவை அம்மாவும் அப்பாவும் பார்த்துக்கொள்வோம்" என்று சொன்னால் போதும். காசு இல்லை என்றால் அந்த வயதுக்கு நாளைக்குச் சாப்பாடு உண்டா என்பதுவரை போகும். "இந்த மாதம் பைக்கு இவ்வளவுதான் வைத்திருக்கிறோம், இதற்குள் எது பிடிக்கிறதோ நீயே எடு" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைக்குத் தேர்வு செய்த சந்தோஷமும் இருக்கும்.

திண்ணை

இதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒளிக்கவும் வேண்டாம். நம் வீட்டில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரிவது நல்லதுதான்.

செவ்வந்தி

வங்கி மறுத்தால் என்ற கேள்விக்கு வருகிறேன். பள்ளி தொடங்க மூன்று மாதம் இருக்கிறது என்றீர்கள். மாலை வேலையை இந்த மூன்று மாதம் மட்டும் பார்த்தால் என்ன? அவள் இன்னும் பாட்டியோடு பழைய நேரப்படிதான் இருக்கிறாள். பள்ளி திறக்கும் வாரத்தோடு நிறுத்திவிடுங்கள்.

நேர்வட்டி

டீச்சர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று மாதம் 16 கட்டினால் 100 என்பது 60-க்கு வந்துவிடும். அதன் பிறகு பழையபடி 8 கட்டினால், வட்டி 3%-ஆகவே இருந்தாலும் மொத்தம் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். பதினாறு மாதம் பன்னிரண்டாகிறது. வங்கி டாப்-அப் கொடுத்தால் இன்னும் ஒரு மாதம் குறையும்.

திண்ணை

மூன்று மாதத்துக்கு யார் வேலை கொடுப்பார்கள்? மூன்று மாதத்தில் விட்டுவிட்டு வந்தால் அடுத்த தடவை கூப்பிடவே மாட்டார்கள். ஏழு மாதமும் பார்த்துக் கணக்கை முடித்துவிட வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்வேன். பாதியில் நிறுத்திய கடன் திரும்ப வளரும், நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூட்டல்கழித்தல்

மனைவியிடம் இந்த உரையாடல் முழுவதையும் படித்துக் காட்டினேன். மூன்று மாதம் என்றால் சரி, ஆனால் வாரம் மூன்று நாள்தான் என்கிறார். மாலை வேலை தருபவரிடம் பள்ளி திறக்கும் தேதியைச் சொல்லியே கேட்கப் போகிறேன். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த வேலை வேண்டாம். மச்சினரிடம் ஞாயிறு பேசுகிறோம், இரண்டு பேருமாக.

திண்ணை ஐயா, நிறுத்திய பிறகு பாக்கி வளராமல் இருக்க கார்டு வரம்பை இன்றே குறைக்கச் சொல்லிவிட்டேன்.

நேர்வட்டி

நல்லது. மூன்று நாள் என்றால் 16 வராது, 14-க்குப் பக்கம் வரும். மூன்று மாதத்தில் பாக்கி 66 சொச்சத்துக்கு இறங்கும். வங்கியில் கையெழுத்துப் போடும் முன் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்ற பகுதியைப் படித்துவிட்டு, அது என்ன சொல்கிறது என்று இங்கே எழுதுங்கள்.