ஊட்டியில் தக்காளி கருகுகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். ஊட்டியில் வீட்டுத் தோட்டம். ஏப்ரலில் விதைத்து மே கடைசியில் நட்ட அர்கா ரக்ஷக் தக்காளி, ஜூன் வரை செழிப்பாகத்தான் இருந்தது. காலையில் வெயில், மதியம் மூடுபனி, சாயங்காலம் சாரல் என்று ஜூலை பிறந்ததும் ஆரம்பித்தது தொல்லை.

முதலில் இலை ஓரத்தில் நீர் கோர்த்த மாதிரி கரும்பச்சைப் புள்ளி. ஓரிரு நாளில் வெந்நீர் கொட்டியது போல இலையே கருகித் தொங்குகிறது. விடியற்காலையில் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூசணம். தண்டில் கறுப்புக் கோடு, காயில் கெட்டியான பழுப்புத் திட்டு. ‘பின் இலைக்கருகல்’ (late blight) என்ற நோய் என்றே நினைக்கிறேன். இந்த ரகம் தாங்குவது ‘முன் இலைக்கருகல்’ (early blight) என்ற வேறு நோயை, இதை அல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு வேறு போட்டிருக்கிறார்கள், அதிலும் இதே கருகல்.

செய்து பார்த்தவை: கருகிய இலைகளைக் கிள்ளி எரித்தேன். 1% போர்டோ கலவை (10 லிட்டருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம்) தெளித்தேன், மழை கழுவிவிட்டது. மேலே பிளாஸ்டிக் ஷீட் கட்டினேன். நனைவது நின்றது, பனி ஈரம் நிற்கவில்லை. தண்ணீர் வேரில் மட்டும்தான் விடுகிறேன்.

பக்கத்துப் பாத்தியில் லெட்டூஸ் ஜம்மென்று இருக்கிறது. நத்தைத் தொல்லை தவிர அதற்கு ஒரு குறையும் இல்லை.

பாதிச் செடிகளில் இன்னும் நல்ல காய் நிற்கிறது. இவற்றைக் காப்பாற்ற வழி உண்டா, இல்லை மொத்தமாகப் பிடுங்கிவிட்டு அங்கேயும் லெட்டூஸே போட்டுவிடலாமா?