டைனி டேப்அவுட் பயிற்சி: கோட் பார்த்துத் தர ஆள் வேண்டும்

வணக்கம். சிப் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நாங்கள் சிலர், இரண்டாம் ஆண்டு இசிஇ மாணவர்கள் 24 பேருக்கு டைனி டேப்அவுட் (பலரின் சிறு டிசைன்களை ஒரே சிப்பில் சேர்த்துத் தயாரித்துத் தரும் திட்டம்) பயிற்சி நடத்துகிறோம். மூவருக்கு ஒரு டிசைன், மொத்தம் 8. ஸ்கைவாட்டர் கம்பெனியின் 130 நானோமீட்டர் தயாரிப்பு முறையில் ஒரு டைல் (சிப்பில் டிசைனுக்குக் கிடைக்கும் ஒரு கட்டம்) ஏறத்தாழ 160க்கு 100 மைக்ரான். 8 இன்புட், 8 அவுட்புட், இருவழி பின் 8, அதுபோக கிளாக்கும் ரீசெட்டும்.

வெரிலாக் (சர்க்யூட்டை எழுதும் மொழி) எல்லாருக்கும் ஓரளவு வருகிறது. இடறுவது அதற்குப் பிறகுதான். ஆர்டிஎல் சிமுலேஷனில் (எழுதியதை அப்படியே ஓட்டிப் பார்ப்பது) பாஸான கோட், கேட் லெவலில் (அது கேட்களாக மாறிய பிறகு) எக்ஸ் எக்ஸாக, அதாவது 0வா 1ஆ என்று தெரியாத மதிப்பாகக் கொட்டும். ரீசெட் போடாமல், தொடக்க மதிப்பு தரும் இனிஷியல் பிளாக்கை நம்பியிருப்பார்கள். எஃப்பிஜிஏவில் (திரும்பத் திரும்ப மாற்றியமைக்கக்கூடிய சிப்) அது செல்லும், இங்கே செல்லாது. பட்டன் சிக்னலை, கிளாக்கோடு ஒத்திசைக்கும் இரண்டு ஃப்ளிப்ஃப்ளாப் (ஒரு பிட்டை வைத்திருக்கும் சர்க்யூட்) சிங்க்ரனைசர் வைக்காமல் நேரே ஸ்டேட் மெஷினுக்குள் விடுவது இன்னும் மோசம். சாதாரண சிமுலேஷனில் அது தெரியாது, கண்ணால்தான் பிடிக்க வேண்டும். 128 பைட் மெமரி கேட்கும் குழு ஒன்று எப்போதும் இருக்கும் (1024 ஃப்ளிப்ஃப்ளாப், ஒரு டைலில் அடங்கவே அடங்காது!).

தேவை: ஆர்டிஎல் ரிவ்யூவுக்கு இரண்டு பேர், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், ஆறு வாரம், ஆன்லைனிலேயே போதும். டைமிங் ரிப்போர்ட்டில் செட்டப், ஹோல்ட் ஸ்லாக்கைத் (கிளாக் எட்ஜுக்கு முன்னும் பின்னும் சிக்னல் நிலையாக இருக்க வேண்டிய நேரத்துக்கு மேல் உள்ள மிச்சம்) தமிழில் விளக்க ஒருவர். சும்மா கிடக்கும் 8 சேனல் லாஜிக் அனலைசர் (சிக்னல்களைப் பதிவு செய்து காட்டும் கருவி) இருந்தால் இரவல் தாருங்கள்.

ஒரே வேண்டுகோள்: மாணவர்கள் எழுதிய கோடைத் திருத்திக் கொடுத்துவிடாதீர்கள். வேவ்ஃபார்மில் எந்த கிளாக் எட்ஜில் பிசகுகிறது என்று அவர்களையே தேடவிடுங்கள். முடிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.